இரும்புக்குள் ஓடும் வாய்க்கால்

உங்கள் சமையலறை அலமாரியில் ரவையோ பருப்போ போட்டுவைத்திருக்கும் சதுர பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு ஸ்கேலை நிறுத்துங்கள். நடுவில் மெல்லிய இடைவெளி தெரிகிறதா? சுவர் உள்பக்கமாக லேசாகக் குழிந்திருக்கிறதா? ஆஹா, மாட்டிக்கொண்டது! அந்த டப்பா பிறந்த மோல்டின் மூலைகளுக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேரவில்லை. இப்போதெல்லாம் கல்யாண மண்டப நாற்காலி, பக்கெட், சுவிட்ச் பெட்டி என்று கையில் கிடைத்ததை எல்லாம் நான் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வீட்டில் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஆளுக்கு இந்தப் பைத்தியம்கூடப் பிடிக்காவிட்டால் எப்படி?

பிளாஸ்டிக் பொருள் செய்வது என்றால் உருக்குவதும் ஊற்றுவதும்தான் பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். மிஷினும் அப்படித்தான் பந்தா காட்டியது. மேலே ஹாப்பரில் வெள்ளைக் குருணை. பேரலுக்குள் ஸ்க்ரூ சுற்றிச் சுற்றி அந்தப் பாலிபுரொப்பிலீனை 230 டிகிரியில் கூழாக்குகிறது. மோல்டின் இரண்டு இரும்புப் பாதிகளும் ‘டம்’ என்று மூடிக்கொள்கின்றன. கூழ் உள்ளே பாய்கிறது. இந்தப் பாய்ச்சலுக்கு ஓரிரு நொடிதான்! சுருங்கும் இடத்தை நிரப்ப இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கிறது. சரி, அப்புறம்?

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. மோல்டு மூடியபடி நிற்கிறது. உள்ளே ஸ்க்ரூ மட்டும் அடுத்த ஷாட்டுக்குக் குருணையை உருக்கிக்கொண்டிருக்கிறது. திரையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. மிஷினைச் செட் செய்து ஓட்டும் செட்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன சார், மிஷின் நின்னுபோச்சுன்னு நெனச்சீங்களா? அதான் கூலிங் டைம். எங்க பொழப்பே இந்தச் சும்மா நிக்கிற நேரத்துலதான் இருக்கு.”

சத்தியமான வார்த்தை. ஒரு டப்பா வெளியே வர ஆகும் மொத்த நேரத்தில் பாதிக்கு மேல், சில பொருள்களில் முக்கால் பங்குக்கும் மேல், ஆறுவதற்காகக் காத்திருக்கும் நேரம்தான். உருக்குகிற சூட்டைவிட அந்தச் சூட்டை வெளியேற்றுகிற தண்ணீருக்குத்தான் இங்கே மவுசு. ஆனால் அந்தத் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. அது இரும்புக்குள்ளே ஓடுகிறது. நான் பார்க்கத் துடித்ததும் அதைத்தான்.

போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், ரொம்ப ருசியான கணக்கு. பிளாஸ்டிக்கைப்போலச் சூட்டை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் கஞ்சப்பயல் யாருமில்லை. மோல்டு செய்யும் எஃகு, பாலிபுரொப்பிலீனைவிட 100 மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதனால் டப்பாச் சுவரின் நடுவில் இருக்கும் சூடு வெளியே வர நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் சுவரின் தடிமனுக்கு ஏற்பக் கூடுவதில்லை, தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது! 230 டிகிரியில் உள்ளே போகும் பாலிபுரொப்பிலீன், 40 டிகிரி மோல்டில் 90 டிகிரிக்கு ஆற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் சுவருக்குச் சூத்திரம் சொல்வது சுமார் 7 நொடி. 3 மில்லிமீட்டர் என்றால்? 16 நொடி. ‘கொஞ்சம் கெட்டியா இருக்கட்டுமே’ என்று டிசைனர் கணினியில் ஒரு மில்லி கூட்டினால், கீழே ஷாப் ஃப்ளோரில் ஆண்டுக்கணக்காக அதற்கு வட்டி கட்டுகிறார்கள்.

இதைவிட ருசி இன்னொன்று இருக்கிறது. அதே 2 மில்லி டப்பாவில், மோல்டின் ஒரு மூலை மட்டும் 40 டிகிரியில் நிற்காமல் 70 டிகிரிக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். அந்த மூலைக்கு மட்டும் 7 நொடி பத்தரை நொடி ஆகிவிடுகிறது. மற்ற இடமெல்லாம் ஆறி, தயாராகி, காத்துக்கிடக்கும். மிஷினால் திறக்க முடியாது. ஒரே ஒரு சூடான மூலை மொத்தக் கூடத்தையும் நிறுத்திவைத்திருக்கிறது! கூலிங்கைச் சீர்படுத்துவது என்று இவர்கள் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு மூலையைத் தேடிப் பிடிப்பதுதான்.

தேடிப் பிடிப்பதை நேரில் பார்த்தேன். அப்போதுதான் விழுந்த டப்பாவைச் செட்டர் அண்ணன் கையுறையோடு தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் ஒரு தம்பி தெர்மல் கேமராவை நீட்டினான். திரையில் சுவர்கள் ஊதாவும் நீலமுமாக இருக்க, நான்கு மூலைகள் மட்டும் பளீரென்று மஞ்சளாக எரிந்தன. கண்ணுக்கு வெள்ளை டப்பா, கேமராவுக்குத் திருவிழா! நான் “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தம்பி கடைசியில் கேமராவை என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

மோல்டுகளைச் செய்து பழுதுபார்க்கும் டூல் ரூமுக்குப் போனோம். அங்கே ஒரு மோல்டு கழற்றி மேஜைமேல் கிடத்தப்பட்டிருந்தது. டப்பாவின் வெளிப்புறத்தை உண்டாக்கும் குழிவான பாதி கேவிட்டி, உள்புறத்தை உண்டாக்கும் மேடான பாதி கோர். கேவிட்டியைச் சுற்றிலும் இரும்பு தாராளமாக இருக்கிறது. நீளமாகத் துளை போடலாம், வேண்டாத முனையைப் பிளக் போட்டு அடைக்கலாம், தண்ணீரைச் சுற்றி வரச் செய்யலாம். துளையின் விட்டத்தைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு தள்ளி பிளாஸ்டிக் இருக்க வேண்டும், துளைக்கும் துளைக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து விட்டம் இடைவெளி என்பது டூல் ரூம் வாய்ப்பாடு. ஆனால் கோர்? பாவம் அது! நாலா பக்கமும் சூடான பிளாஸ்டிக் அதைத்தான் சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சூடு வெளியேறக் கீழ்வழி ஒன்றுதான். அந்த வழியிலும் டப்பாவைத் தள்ளிவிடும் எஜெக்டர் பின்கள் முதலிலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகின்றன. டூல் டிசைனில் தண்ணீர்த் துளைக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை விழும். டூல் ரூம் பெரியவர் அதைச் சொன்னபோது அவர் குரலில் நிஜமான கோபம் இருந்தது.

கோருக்குள் தண்ணீரை ஏற்றி இறக்க இரண்டு பழைய தந்திரங்கள் உண்டு. ஒன்று பேஃபிள். கீழிருந்து குருட்டுத் துளை போட்டு, நடுவில் ஒரு பித்தளைத் தகட்டைச் செருகுவது. தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, தகட்டின் நுனியைத் தாண்டி, மறுபக்கம் இறங்கும். தகடு ஓரங்களில் சரியாக ஒட்டாவிட்டால் தண்ணீர் மேலே போகாமல் பாதியிலேயே குறுக்குவழி பிடித்துவிடும். மாட்டும்போது கால்வட்டம் திரும்பிப்போனாலும் கதை கந்தல். வெளியே ஹோஸில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், கோரின் தலை மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று பப்ளர். துளைக்குள் மெல்லிய குழாய் ஒன்று. தண்ணீர் குழாய் வழியே மேலே சீறி, கோரின் உச்சியில் நேராக மோதி, குழாயைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே வழிந்து திரும்புகிறது. இதைக் காட்டுகிறேன் என்று பெரியவர் கோரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் குழாயில் ஹோஸை மாட்டி வால்வைத் திறந்தார். சர்ரென்று கிளம்பிய தண்ணீர் மேலே டியூப் லைட்டைத் தொட்டுவிட்டு என் நோட்டுப் புத்தகத்தில் இறங்கியது. கூடமே சிரித்தது. இவ்வளவு வேகத்தில்தான் ஒவ்வொரு கோரின் மண்டைக்குள்ளும் தண்ணீர் மோதிக்கொண்டிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது! பேனா மூடி அளவுக்கு ஒல்லியான கோர் என்றால் பப்ளருக்கும் இடமில்லை. அங்கே தெர்மல் பின். மூடிய செம்புக் குழலுக்குள் துளி திரவம். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரவமாகி, ஆளில்லாமல் சூட்டைச் சுமந்து போய் வந்துகொண்டே இருக்கும்.

அவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்டேன். அங்கேதான் எனக்கு மான்செஸ்டர்வரை ஒரு பயணம் கிடைத்தது. 1883ஆம் ஆண்டு அந்த ஊரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தைக் கசியவிட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடினால் சாயம் ஒரே கோடாக, அடுக்கு கலையாமல் போகிறது. வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் கோடு உடைந்து, சுழன்று, குழாய் முழுக்கக் கலந்துவிடுகிறது. மோல்டுக்கு வேண்டியது இந்தக் கலகம்தான். அடுக்கடுக்காக ஓடும் தண்ணீரில் இரும்பை ஒட்டிய அடுக்கு மட்டும் சூடாகும், நடுவில் ஓடும் குளிர்ந்த தண்ணீர் வந்த வேலையைச் செய்யாமலே வெளியேறிவிடும். ஓட்டம் அடுக்கா, கலகமா என்று சொல்லும் கணக்குக்கு அவர் பெயரையே வைத்து ரெனால்ட்ஸ் எண் என்கிறார்கள். அது 4,000ஐத் தாண்டினால் கலகம் உறுதி. பட்டறைக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று 10,000ஐக் குறிவைக்கிறார்கள். 8 மில்லி துளையில் 20 டிகிரி தண்ணீர் என்றால் நிமிடத்துக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடினாலே அது கிடைத்துவிடும்.

தண்ணீரைச் சில்லரில் 10 டிகிரிக்கு இறக்கினால் இன்னும் நல்லதுதானே? நானும் அப்படித்தான் கேட்டேன். குளிரக் குளிரத் தண்ணீர் கெட்டிப்படுகிறது! அதே 10,000க்கு இப்போது கிட்டத்தட்ட 5 லிட்டர் வேண்டும். பம்ப் அதே பழைய பம்ப் என்றால், குளிர்ந்த தண்ணீர் சோம்பலாக ஓடி, எதிர்பார்த்த லாபத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். உறையாமலிருக்கக் கிளைக்கால் கலந்தால் சோம்பல் இன்னும் கூடும்.

இதைச் சோதிக்க லட்ச ரூபாய்க் கருவி ஏதும் தேவையில்லை. செட்டர் அண்ணன் திரும்பி வரும் ஹோஸை ஒவ்வொன்றாகக் கழற்றி அளவு போட்ட பக்கெட்டில் விட்டார். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். முதல் லைன் நன்றாக ஓடியது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது லைன் அழுதுகொண்டு சொட்டியது. ஒரே மெயினிலிருந்து பல லைனுக்குப் பிரித்துவிட்டால் தண்ணீர் சுலபமான வழியில்தான் போகும். அடைபட்ட லைன் சத்தம் போடாமல் செத்துக்கிடக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக லூப் அடித்தால் அடைப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால் கடைசித் துளைக்குப் போகும்போது தண்ணீரே சூடாகிவிட்டிருக்கும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் இருக்கலாம் என்பது துல்லியமான வேலைகளில் இவர்கள் வைக்கும் கறார். அதைத் தாண்டினால் லூப்பை உடைத்துக் குட்டையாக்கு.

சரி, மூன்றாவது லைன் ஏன் அழுதது? நிப்பிளைக் கழற்றினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் சுவரெங்கும் வெள்ளையும் காவியுமாக உப்புப் படிவு. போர் தண்ணீர்! சென்னைக்காரர்கள் கீசர் காயிலில் பார்த்துப் பழகிய அதே சங்கதி. கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, அது விட்டுச்செல்லும் உப்பு மீதித் தண்ணீரில் சேர்ந்துகொண்டே வரும். ஒரு மில்லிமீட்டர் படிவு சூட்டை மறிப்பதைப் பார்த்தால், நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடுதலாக எஃகை வைத்ததற்குச் சமம். லட்சக்கணக்கில் செலவழித்துப் பிளாஸ்டிக்குக்கு நெருக்கமாகத் துளை போட்டு, அப்புறம் சும்மா இருந்தே அதைத் தூரமாக்கிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், கூலிங்குக்குக் காசு செலவு செய்ய நினைக்கும் முதலாளி முதலில் மென்னீர்க் கருவிக்கும், மூடிய சுற்றில் ஓடும் தண்ணீருக்கும், படிவைக் கரைத்தெடுக்கும் டிஸ்கேலிங் பம்புக்கும்தான் செய்ய வேண்டும். கவர்ச்சியில்லாத செலவு. அதனால்தான் பல இடங்களில் நடப்பதில்லை.

குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டால் சென்னை இன்னொரு வகையிலும் தண்டிக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் 10 டிகிரி இரும்பு வியர்த்து ஊற்றும். மோல்டு திறந்ததும் பனித்துளி, டப்பாவில் தழும்பு, இரும்பில் துரு. ஆனாலும் வேறு வழியில்லாத ஒரு தொழில் இருக்கிறது. குளிர்பான பாட்டிலின் குழந்தைப் பருவம்! சோதனைக் குழாய் மாதிரி தடித்த சுவரோடு முதலில் ‘ப்ரீஃபார்ம்’ ஆகப் பிறந்து, பிறகுதான் ஊதிப் பாட்டிலாகிறது. 280 டிகிரி பெட் பிளாஸ்டிக் நிதானமாக ஆறினால் உள்ளே படிகம் கட்டிப் பால்போல வெளுத்துவிடும். கண்ணாடிபோல் தெளிவாக வேண்டுமென்றால் படிகத்துக்கு அவகாசமே தரக்கூடாது. அதனால் மோல்டைச் சுற்றிக் கூண்டு கட்டி, உள்ளே காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஐஸ் மாதிரித் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். முழுதாக ஆறும்வரை மோல்டில் வைத்திருக்கவும் பொறுமையில்லை. தோல் கெட்டியானதுமே ரோபோ கை உள்ளே பாய்ந்து, அத்தனை ப்ரீஃபார்மையும் தன் குளிர்ந்த குழல்களில் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. மோல்டு அடுத்த ஷாட்டுக்கு மூடிவிடுகிறது. முன்பு பிறந்தவை ரோபோவின் கையிலேயே ஆறிக்கொண்டிருக்கின்றன. கூண்டின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது கை தட்டிவிட்டேன்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ஹெட்லைட் கண்ணாடிக்குப் பயன்படும் பாலிகார்பனேட்டுக்குச் செட்டர் ‘கூலிங்’ என்று சொல்லி ஓடவிடுவது 80 டிகிரிக்கும் மேலான வெந்நீர், சில சமயம் எண்ணெய்! 300 டிகிரியில் வரும் அந்தப் பிளாஸ்டிக்குக்கு அதுவே குளுகுளு. அதைவிடக் குளிர்ந்த இரும்பைத் தொட்டால் உள்ளே இழுவிசை உறைந்துபோய், பின்னாளில் விரிசலாகத் தலைகாட்டும். சீக்கிரம் ஆறவைப்பது ஒரு வித்தை என்றால், எல்லா இடமும் ஒரே மாதிரி ஆறவைப்பது அதைவிடப் பெரிய வித்தை.

அந்தப் பெரிய வித்தை தவறினால்தான் டப்பாச் சுவர் உள்ளே குழிகிறது. மூலையை நினைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கேவிட்டியின் அகலமான இரும்பு. உள்பக்கம் கோரின் கூரான முனை. இரண்டு சுவரின் சூடும் அந்தக் குறுகிய முனைக்குள்தான் கொட்டுகிறது. அதனால் மூலையின் உள்தோல் கடைசியாகக் கெட்டியாகிறது. மற்றதெல்லாம் இறுகியபின் அது தனியாகச் சுருங்கி, இரண்டு சுவரையும் தன்பக்கம் இழுக்கிறது. பாலிபுரொப்பிலீன் ஒன்றரை, இரண்டு சதவீதம்வரை சுருங்கும் ஜாதி என்பதால் இழுப்பும் பலம். மூடி ‘டக்’ என்று உட்காராமல் போகும் மர்மம் இதுதான்.

பழைய வைத்தியம் எளிமையானது: விழுந்த டப்பாவுக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி ஆறும்வரை நிமிர்த்திப் பிடிப்பது. ஒரு மூலையில் அப்படிப்பட்ட கட்டைகளை இன்னமும் அடுக்கி வைத்திருந்தார்கள். அடுத்தது, கோருக்குக் குளிர்ந்த தண்ணீரும் கேவிட்டிக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரும் தனித்தனியாக விடுவது. செலவில்லாத வைத்தியம், பல சமயம் இதுவே போதும். அதற்கும் மசியாவிட்டால் கோரின் மூலைகளில் மட்டும் பெரிலியம் காப்பர் துண்டைப் பதிப்பது. வழக்கமான மோல்டு எஃகைவிட மூன்று நான்கு மடங்கு சூடு கடத்தும், அதோடு உறுதியாகவும் இருக்கும். பெரியவர் அந்தச் செந்நிறத் துண்டை எடுத்துக் காட்டிவிட்டு, கிரைண்டிங் பக்கம் கொண்டுபோக விடவில்லை. அதன் தூசி நுரையீரலுக்கு எமன். தூசியை உறிஞ்சும் ஏற்பாடில்லாத பட்டறையில் அதைத் தேய்க்கவே கூடாது. பெரிலியம் கலக்காத செம்புக் கலவைகளும் இப்போது கிடைக்கின்றன.

சூடான மூலையை மோல்டு செய்வதற்கு முன்பே கணினியில் பார்த்துவிட வழியில்லையா? இருக்கிறது. 1978ல் ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் தொடங்கிய மோல்ட்ஃப்ளோ மென்பொருள் இன்று ஆட்டோடெஸ்க் கையில். கிண்டியில் 1968ல் தொடங்கிய சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் பயிற்சி நிலையங்களில் படித்து வரும் பிள்ளைகள் முதல் நாளே அந்தச் சிவப்பு, நீல வரைபடங்களோடு வருகிறார்கள். சிவப்பு எங்கே என்று திரை காட்டிவிடும். டிரில் அங்கே போகாதே, அது நேராகத்தானே போகும்!

இங்கேதான் விஷயம் உச்சத்துக்குப் போகிறது. துளையே போடாமல், மோல்டுக்குள் பதிக்கும் துண்டான இன்செர்ட்டை அடுக்கடுக்காக அச்சடித்துவிட்டால்? அமெரிக்காவின் எம்ஐடியில் இமானுவேல் சாக்ஸ் குழுவினர் 1990களில் உலோகப் பொடியிலிருந்து மோல்டை வளர்த்து, பொருளின் வளைவோடு வளைந்து செல்லும் தண்ணீர்ப் பாதையை உள்ளேயே உண்டாக்கிக் காட்டினார்கள். இதன் பெயர் கன்ஃபார்மல் கூலிங். இன்று லேசர் பொடியை உருக்கி, மாரேஜிங் எஃகில் அதைச் செய்கிறது. மேஜைமேல் பாதியாக அறுத்து வைத்த ஒரு மாதிரி இன்செர்ட் இருந்தது. உள்ளே வாய்க்கால் கோரின் முனைவரை சுருண்டு ஏறி, உச்சியில் ஒரு வளையம் போட்டு, மறுவழியில் சுருண்டு இறங்குகிறது. விரலை விட்டுப் பார்த்தேன். டிரில் செய்த துளையின் வழவழப்பு இல்லை, மணல் மணலாக இருந்தது. சொரசொரப்பு தண்ணீரைக் கலக்க உதவும், கசடு பிடிக்கவும் உதவும். விலை கூடுதல் என்பதால் மூலை மாதிரி முக்கியமான துண்டை மட்டும் அச்சடித்து, சாதாரண எஃகின்மேல் உட்காரவைக்கிறார்கள்.

“அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா வளைஞ்ச ஓட்டைக்குள்ள கம்பி விட்டுச் சுரண்ட முடியாது” என்றார் பெரியவர். “இதுக்குள்ள எங்க போர் தண்ணிய விட்டா, அச்சடிச்சவன் வந்து அழுவான்.” வடிகட்டியும் மென்னீரும் இல்லாத இடத்தில் இது வீண்செலவு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியாகக் காசுக் கணக்கு. 30 நொடிக்கு ஒரு டப்பா என்றால் மணிக்கு 120. ஆறும் நேரத்தில் 5 நொடியைப் பிடுங்கினால் 144. நாள் முழுக்க ஓடினால், அதே மிஷினில், அதே ஆள்களோடு 576 டப்பா கூடுதல். இதை நான் ஆசை ஆசையாகக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேக்கிங் மேஜையில் மூடி போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“அதே ஆளுங்களா? மிஷின் மட்டும் வேகமா ஓடுனா போதுமா சார்? மூடி யார் போடுறது? சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க, தண்ணி மாத்துற அன்னிக்கே எனக்கு இன்னொரு பொண்ணும் வேணும்.”

சூப்பர்வைசர் காதில் விழாத மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.